பச்சைத் தண்ணீரில் பச்சை எங்கே இருக்கிறது?

பச்சைத் தண்ணீர் என்கிறோம், அதில் பச்சை நிறம் துளிகூடக் கிடையாது. பச்சைக் குழந்தை, பச்சைப் பொய், பச்சை மண், திட்டத்துக்குப் பச்சைக்கொடி என்று ஒரே சொல்லை எங்கெங்கோ கொண்டுபோய் வைத்திருக்கிறோம். காய்ச்சாதது, இப்போதுதான் பிறந்தது, அப்பட்டமானது, சுடாதது, அனுமதி. ஒரு நிறத்தின் பெயருக்கு இத்தனை வேலை கொடுத்தும் தமிழ் பேசுகிற யாரும் குழம்புவதில்லை. எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அதே நாம், ‘நீலம் என்றால் நம்பிக்கை, சிவப்பு என்றால் ஆவேசம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, ஊதா என்றால் ராஜ கம்பீரம்’ என்று இணையத்தில் ஓர் அட்டவணையைப் பார்த்ததும் அப்படியே நம்பிவிடுகிறோம். நான் வடிவமைப்பு வேலை செய்கிறவன். லோகோ வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த அட்டவணையை மொபைலில் காட்டிக்கொண்டேதான் வந்து உட்காருவார்கள்.

அட்டவணை முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஏதோ ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. ஆனால் எல்லாம் ஒரே வகைக் காரணம் இல்லை. சிலது நம் உடம்பிலிருந்து வருகிறது, சிலது பழைய காலத்தில் சாயம் விற்ற விலையிலிருந்து, சிலது ‘இனி இப்படி வைத்துக்கொள்ளலாம்’ என்று மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து. மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு அடைத்ததில்தான் குழப்பம்.

பள்ளிக்கூட மணியை நினைத்துப் பாருங்கள். காலையில் அடிக்கிற அதே மணிதான் மாலையிலும் அடிக்கிறது, சத்தத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. காலையில் வயிற்றைக் கலக்கும், மாலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடவைக்கும். சத்தம் கேட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது காதின் வேலை. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பது பாடவேளை அட்டவணையின் வேலை. நிறத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதலில், நிறம் எங்கே உண்டாகிறது?

ஒரு சின்னச் சோதனை. மொபைலில் வெள்ளைப் பின்னணி உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் நுனியால் கடுகு அளவுக்கு ஒரு துளித் தண்ணீரைத் திரையில் வையுங்கள் (அப்புறம் துடைத்துவிடுங்கள்). துளி ஒரு குட்டி உருப்பெருக்கி மாதிரி வேலை செய்யும். உற்றுப் பார்த்தால் உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாக மினுக்குவது தெரியும். வெள்ளை என்று ஒரு புள்ளிகூட அங்கே கிடையாது. மஞ்சளும் கிடையாது. திரையில் நீங்கள் பார்க்கும் மஞ்சள், சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் எரிவதுதான்.

இது எப்படி நடக்கிறது? ஒளி அலை அலையாக வருகிறது. ஓர் அலையின் உச்சியிலிருந்து அடுத்த உச்சி வரை உள்ள தூரத்துக்கு அலைநீளம் என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரிவது சுமார் 380 முதல் 750 நானோமீட்டர் வரை உள்ள அலைநீளங்கள் மட்டும். கண்ணின் பின்பக்கத் திரையில் நிறத்தைப் பிடிக்கிற செல்கள் இருக்கின்றன, அவற்றின் வடிவத்தை வைத்துக் கூம்புச் செல்கள் என்கிறார்கள். இவற்றில் மூன்றே வகை. ஒன்று 420 நானோமீட்டர் பக்கம் நன்றாக விழித்துக்கொள்ளும், இன்னொன்று 530 பக்கம், மூன்றாவது 560 பக்கம்.

மூளைக்கு அலைநீளம் எதுவும் தெரியாது. இந்த மூன்று வகைச் செல்களும் எவ்வளவு எவ்வளவு கத்துகின்றன என்பது மட்டும்தான் போய்ச் சேருகிறது. மூன்று பேர் மட்டுமே ஓட்டுப் போடுகிற தேர்தல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 580 நானோமீட்டர் மஞ்சள் ஒளி வந்தால் என்ன ஓட்டு விழுமோ, அதே ஓட்டைச் சிவப்பையும் பச்சையையும் சரியான அளவில் கலந்தும் வாங்கிவிடலாம். மூளை இரண்டுக்கும் ‘மஞ்சள்’ என்று ஒரே முடிவை அறிவித்துவிடும். திரைத் தொழிலே இந்த ஏமாற்றின் மேல்தான் நடக்கிறது.

வானவில்லில் ஏழு நிறம் என்று நாம் மனப்பாடம் செய்ததும் ஒருவகையில் ஏற்பாடுதான். அது ஒன்றுக்குள் ஒன்று கரைகிற தொடர்ச்சி. இசையின் ஏழு சுரங்களோடு பொருந்தவேண்டும் என்பதற்காக நியூட்டன் அதை ஏழாகப் பிரித்தார். ஐந்து என்று பிரித்திருந்தாலும் வானவில் ஒன்றும் சொல்லியிருக்காது.

பழுப்பு விளக்கு பார்த்திருக்கிறீர்களா?

யாரும் பார்த்திருக்க முடியாது. சிவப்பு விளக்கு உண்டு, நீல விளக்கு உண்டு, பழுப்பு விளக்கு மட்டும் இல்லை. காரணம், பழுப்பு என்பது தன்னைவிட வெளிச்சமான நிறங்களுக்கு நடுவே வைத்த மங்கலான ஆரஞ்சு. சுற்றிலும் இருட்டாக்கிவிட்டு அந்த ஒரு துண்டை மட்டும் பார்த்தால் அது ஆரஞ்சாகத் தெரியும். ஆக, மூளை ஒரு நிறத்தைத் தனியாகப் பார்ப்பதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

இதைப் பற்றி நல்ல கதை ஒன்று உண்டு. பாரிஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற நெசவுக்கூடம். 1824-இல் அதன் சாயப் பிரிவுக்கு மிஷெல் யூஜீன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று, கருப்பு நூல் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது என்பது. அவர் மற்ற பட்டறைகளின் கருப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தக் கருப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்திருந்தார்கள், சிக்கல் அங்கே. சாயத் தொட்டியில் தேடவேண்டிய பிழை பார்ப்பவர் மூளைக்குள் இருந்தது! ஒரு நிறம் பக்கத்து நிறத்தின் தோற்றத்தை மாற்றிவிடுகிற இந்த விளைவைப் பற்றி 1839-இல் தடிமனாக ஒரு நூலே எழுதினார் மனிதர்.

2015-இல் ஓர் உடையின் படத்தை வைத்துக்கொண்டு உலகமே சண்டை போட்டது ஞாபகம் இருக்கும். நீலமும் கருப்புமா, வெள்ளையும் தங்கமுமா என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. உடை என்னவோ நீலம்-கருப்புதான். படம் எடுத்த இடத்தின் வெளிச்சம் எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு மூளையும் ஒவ்வொரு விதமாக ஊகித்துக்கொண்டதில் வந்த வினை அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மூன்று வகைச் செல்கள் போடும் ஓட்டையும், சுற்றுப்புறத்தையும், வெளிச்சத்தைப் பற்றிய ஊகத்தையும் சேர்த்து மூளை எடுக்கிற முடிவுதான் நிறம். நிறமே இப்படி இடத்துக்கு இடம் நகர்கிறது என்றால், அதன் அர்த்தம் மட்டும் ஆணி அடித்தமாதிரி நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உடம்பு எவ்வளவு தூரம் பேசும்?

கொஞ்ச தூரம் பேசும். ரத்தம், தீ, கோபத்தில் சிவக்கிற முகம் எல்லாம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். 1969-இல் பிரென்ட் பெர்லின், பால் கே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஏறக்குறைய நூறு மொழிகளில் நிறப் பெயர்களை அலசினார்கள். ஒரு மொழியில் இரண்டே நிறச் சொற்கள் இருந்தால் அவை இருட்டு, வெளிச்சம் என்ற பிரிவாக இருக்கின்றன. மூன்றாவதாக ஒரு சொல் இருந்தால் அது சிவப்பு. பச்சையும் மஞ்சளும் அதற்கு அப்புறம், நீலம் இன்னும் அப்புறம். இந்த வரிசையில் பின்னால் திருத்தங்கள் வந்தன, ஆனால் சிவப்பு முந்திக்கொள்கிறது என்ற விஷயம் பெரும்பாலும் நிலைத்துவிட்டது.

தமிழிலும் தடம் தெரிகிறது. செம்மை, கருமை, வெண்மை, பசுமை எல்லாம் பழைய சொற்கள். ஆரஞ்சுக்கோ பழத்தின் பெயரைத்தான் கடன் வாங்கியிருக்கிறோம். அந்தச் சொல்லின் பயணம் தனிக் கதை: திராவிட மொழிகளில் கிளம்பி, சமஸ்கிருதம், பாரசீகம், அரபு, ஸ்பானியம், பிரெஞ்சு என்று சுற்றி ஆங்கிலத்துக்குப் போனதாகச் சொல்கிறார்கள். நாரத்தங்காயில் இருக்கிற ‘நார’தான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஆரஞ்சாகத் திரும்பி வந்திருக்கிறது.

சரி, உடம்பு பேசுகிறது என்பதற்காக அதன் வாயில் நாம் வசனம் திணிக்கக் கூடாது. சிவப்புத் துணியைப் பார்த்தால் காளைக்கு வெறி பிடிக்கும் என்பது பிரபலமான நம்பிக்கை. காளைக்கு இரண்டு வகைக் கூம்புச் செல்கள்தான், சிவப்பை நம்மைப் போல அது பார்ப்பதில்லை. துணி ஆடுவதுதான் அதைச் சீண்டுகிறது. இன்னொன்று ரோஸ் நிறச் சிறை. 1979-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறையின் அறைக்கு ஒருவகை ரோஸ் வண்ணம் அடித்து, கைதிகளின் மூர்க்கம் குறைந்துவிட்டது என்றார்கள். செய்தி பரவியது, பல நாடுகளில் சிறைச் சுவர்கள் ரோஸ் ஆயின. பிறகு சுவிட்சர்லாந்தில் சிறைக் கைதிகளை வைத்து ஒழுங்காக ஒப்பிட்டுச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில் அப்படி ஒரு விளைவே தென்படவில்லை. முதல் செய்தி மட்டும் இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது, இரண்டாவதை யாரும் பகிர்வதில்லை.

உடம்பு தருவது கவனத்தை. பளிச்சென்ற சிவப்பு, மங்கலான சாம்பலைவிடச் சீக்கிரம் கண்ணில் படும். பட்ட பிறகு அது அபாயமா, தள்ளுபடியா, கல்யாணமா என்று சொல்வது உடம்பு கிடையாது.

விலை எழுதிய அர்த்தங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. அட்டவணையில் ‘ஊதா = ராஜ கம்பீரம்’ என்ற வரிக்குப் பின்னால் இருப்பது ஒரு கடல் நத்தை.

மத்தியதரைக் கடலில் மியூரெக்ஸ் என்ற வகை நத்தைகள் உண்டு. அவற்றின் உடம்பில் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் திரவம் காற்றும் வெளிச்சமும் பட்டால் ஊதாவாக மாறும். இன்றைய லெபனானில் இருக்கும் டயர் என்ற பழைய துறைமுக நகரம் இந்தச் சாயத்துக்குப் பெயர்போனது. ஒரு நத்தையிலிருந்து கிடைப்பது கண்ணில் காணாத அளவு. 1909-இல் பால் ஃபிரீட்லாண்டர் என்ற வேதியியலாளர் இதன் மூலக்கூறைக் கண்டுபிடிக்க 12,000 நத்தைகளை எடுத்துச் சாயம் பிரித்தார். கிடைத்தது 1.4 கிராம். பன்னிரண்டாயிரம் உயிர், ஒரு சிட்டிகைப் பொடி. இதில் ஓர் ஆடை முழுவதையும் முக்கி எடுக்க என்ன செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அழுகும் நத்தைகளின் நாற்றம் வேறு. அப்படிப்பட்ட துணியை யார் போடமுடியும்? ராஜா போடலாம். அப்புறம் ராஜாக்கள், வேறு யாரும் போடக்கூடாது என்று சட்டமும் போட்டார்கள். பைசாண்டியப் பேரரசில், ஆட்சியில் இருக்கும் மன்னருக்குப் பிறந்த பிள்ளைகளை ‘ஊதாவில் பிறந்தவர்’ என்றே அழைத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தின் உயர்ந்த ஊதா எப்படி இருக்கும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்: உறைந்த ரத்தத்தின் நிறம். இன்று ‘ராஜ ஊதா’ என்று திரையில் நாம் தேர்ந்தெடுக்கிற பளபளப்பான நிறத்தைப் பார்த்தால் ரோம் மன்னருக்கு அடையாளமே தெரியாமல் போகலாம்.

பிறகு 1856. லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், விடுமுறையில் வீட்டிலேயே ஆய்வு செய்துகொண்டிருந்தான். மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைன் மருந்தைக் கரித்தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களை வைத்துச் செயற்கையாகச் செய்ய முடியுமா என்பது அவன் முயற்சி. வந்தது ஒரு கருப்பு வண்டல். வேறு யாராக இருந்தாலும் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். குடுவையைக் கழுவ ஆல்கஹால் ஊற்றியபோது அழகான ஊதா கரைந்து வந்தது. அதைத் துணியில் தோய்த்துப் பார்த்தான், ஒட்டிக்கொண்டது. அதுதான் ‘மாவ்’ என்ற செயற்கைச் சாயம். கொஞ்ச வருடங்களில் ஊதா நிறம் தெருவில் நடப்பவர்களுக்கும் கைக்கு எட்டியது. கம்பீரத்தைக் கொடுத்த விலை போய்விட்டது, கம்பீரம் என்ற பேச்சு மட்டும் வாலாகத் தங்கிவிட்டது.

நீலத்துக்கும் இப்படி ஒரு சரித்திரம் உண்டு. ஐரோப்பிய ஓவியர்கள் பயன்படுத்திய ஆகச் சிறந்த நீலம், ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்துப் பிரித்தெடுத்தது. கடல் கடந்து வந்ததால் அல்ட்ராமரீன், அதாவது ‘கடலுக்கு அப்பால்’ என்று பெயர். தங்கத்துக்கு நிகராக விலை போன காலமும் உண்டு. அவ்வளவு விலையுள்ள பொருளைப் படத்தில் யாருக்குப் பூசுவது? மரியாளின் மேலாடைக்கு. படம் வரையக் காசு கொடுத்தவருக்கு அது பக்தி, கூடவே கொஞ்சம் பவிசு. பிரான்சில் 1824-இல் இதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று அறிவித்தார்கள், 1828-இல் ழான் பாப்டிஸ்ட் கிமே என்பவர் அதைத் தட்டிக்கொண்டு போனார். அதோடு அந்த நீலமும் மலிவானது.

நிறமி, சாயம் என்ற இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்புகிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நிறமி என்பது கரையாத பொடி, எண்ணெயிலோ பசையிலோ கலந்து மேலே பூசுவது. சாயம் கரையும், நூலுக்குள்ளேயே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். லாபிஸ் நீலம் நிறமி. நத்தை ஊதாவை முக்கியமாகச் சாயமாகப் பயன்படுத்தினார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஊதாவும் நீலமும் பெற்ற ‘உயர்வு’ அர்த்தத்தில் பெரும்பங்கு கிடைக்காத பொருளின் விலைச் சீட்டு. சீட்டைக் கிழித்த பிறகும் பசை கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாமாகப் பேசி வைத்துக்கொண்டவை

போக்குவரத்து விளக்கைவிட இதற்கு நல்ல உதாரணம் கிடையாது. சிவப்பு ஒளி காற்றில் குறைவாகச் சிதறும், அதனால்தான் நிறுத்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அடிக்கடி சொல்வார்கள். சிவப்பு குறைவாகச் சிதறுவது உண்மை. ஆனால் ஒளிச்சிதறலுக்கு ராலே என்ற அறிவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டியது 1871-இல். லண்டனில் நாடாளுமன்றத்துக்கு வெளியே சிவப்பும் பச்சையும் கொண்ட எரிவாயு விளக்கை நட்டது 1868 டிசம்பரில், அதற்கும் முன்பே ரயில் பாதைகளில் சிவப்பு ‘நில்’தான். கணக்கு பின்னால்தான் வந்தது. (அந்த லண்டன் விளக்கு அடுத்த மாதமே வெடித்துவிட்டது, அது வேறு விஷயம்.)

பச்சைக்கு ‘போகலாம்’ என்ற அர்த்தம் அப்போது உறுதியாகக்கூட இல்லை. ஆரம்ப கால ரயில்களில் வெள்ளை விளக்குதான் ‘போகலாம்’, பச்சை ‘மெதுவாகப் போ’. சிக்கல் எங்கே வந்தது என்றால், சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே எரிகிற விளக்கு வெள்ளையாகத் தெரியும். நிறுத்தவேண்டிய இடத்தில் ஓட்டுநர் போகலாம் என்று எடுத்துக்கொள்வார். தூரத்தில் தெரிகிற ஏதோ ஒரு சாதாரண விளக்கும் அவரை ஏமாற்றலாம். அதனால் வெள்ளையைக் கைவிட்டுப் பச்சையை ‘போகலாம்’ ஆக்கினார்கள். நாம் திட்டத்துக்குக் காட்டுகிற பச்சைக்கொடி அந்தத் தண்டவாளத்திலிருந்து வந்ததுதான். ஜப்பானில் அதே விளக்கை ‘ஆஓ’ என்கிறார்கள். அந்தச் சொல் இன்று நீலத்தைக் குறித்தாலும், பழைய ஜப்பானிய மொழியில் பச்சையையும் சேர்த்தே குறித்தது. விளக்கு பச்சை, பெயர் நீலம், யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

பங்குச்சந்தைத் திரையைப் பாருங்கள். அமெரிக்காவில் பச்சை என்றால் விலை ஏற்றம், சிவப்பு என்றால் இறக்கம். சீனாவிலும் ஜப்பானிலும் சிவப்புதான் ஏற்றம். அதே சிவப்பைப் பார்த்து ஒரு முதலீட்டாளருக்கு வியர்க்கும், இன்னொருவர் சிரிப்பார். இரண்டு பேர் கண்ணிலும் அதே கூம்புச் செல்கள்தான்.

வெள்ளை மணப்பெண் உடை காலங்காலமாக வருவது என்று நினைப்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் மணப்பெண்கள் இருப்பதிலேயே நல்ல உடையை, அது எந்த நிறமானாலும், போட்டுக்கொண்டிருந்தார்கள். 1840-இல் விக்டோரியா மகாராணி வெள்ளையில் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் அது பெரிய மோகமானது. தூய்மை, கன்னிமை என்ற விளக்கங்கள் அந்த மோகத்துக்கு முட்டுக் கொடுத்தன. அதே வெள்ளை சீனாவிலும் கொரியாவிலும் காலங்காலமாகத் துக்கத்தின் நிறம். பிரெஞ்சு அரச குடும்பத்துப் பெண்களும் ஒரு காலத்தில் துக்கத்துக்கு வெள்ளை உடுத்தியவர்கள்தான்.

பெண் குழந்தைக்கு ரோஸ், ஆண் குழந்தைக்கு நீலம் என்பதும் பிறவிக்குணம் ஒன்றும் இல்லை. 1918-இல் அமெரிக்காவில் குழந்தை உடை வணிகத்துக்கான ஓர் இதழ் நேரெதிராக எழுதியது: ரோஸ் உறுதியான நிறம், அதனால் பையன்களுக்கு, நீலம் மென்மையானது, அதனால் பெண் பிள்ளைகளுக்கு. கவனித்துப் பாருங்கள், முடிவு மாறினாலும் ‘காரணம்’ சொல்வது மட்டும் நிற்கவில்லை. நிறங்களின் அர்த்தத்துக்கு நாம் சொல்லும் விளக்கங்களில் பாதி இப்படிப் பின்னால் தைத்த சட்டைதான் என்பது என் அபிப்பிராயம்.

மஞ்சளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை, ஏனென்றால் ‘மஞ்சள் = மகிழ்ச்சி’ என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். சீனாவின் சிங் வம்சத்தில் பளிச்சென்ற மஞ்சள் பேரரசருக்கே உரியது. ஐரோப்பாவிலோ யூதர்களைத் தனியே அடையாளம் காட்ட, இடைக்காலத்தில் பல இடங்களில் அணியச் சொன்னது மஞ்சள் அடையாளம். நாஜிகள் 1941-இல் ஜெர்மனியில் அதை மஞ்சள் நட்சத்திரமாக மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த மஞ்சளுக்கும் நம் சிரிக்கும் ஈமோஜியின் மஞ்சளுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போவதில்லை.

இந்தப் பகுதிக்கு ஒரு வரிச் சுருக்கம்: ஏற்பாடாக வந்த அர்த்தம் பலவீனமானது என்று நினைக்கவேண்டாம். சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம் நிஜம். யாரெல்லாம் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

வேலை என்று வரும்போது

ஒரு நிறத்தை மாற்ற மூன்று திருகுகள் உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது சாயல்: சிவப்பா, பச்சையா, நீலமா என்பது. இரண்டாவது வெளிச்சம்: வெள்ளையை நோக்கியா, கருப்பை நோக்கியா. மூன்றாவது செறிவு: பளிச்சென்று இருக்கிறதா, சாம்பல் கலந்து அடங்கியிருக்கிறதா. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905-இல் இப்படித்தான் நிறங்களுக்கு எண் கொடுத்து அடுக்கினார். அட்டவணைகள் முதல் திருகை மட்டும் பார்த்து ‘நீலம் அமைதி’ என்று எழுதிவிடுகின்றன. நள்ளிரவு நீலமும் குழந்தைப் போர்வையின் நீலமும் கண்ணைக் கூசவைக்கும் மின்விளக்கு நீலமும் ஒரே மனநிலையைத் தருமா? என் அனுபவத்தில் மனநிலையை அதிகம் மாற்றுவது இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

நீலம் நம்பிக்கை தரும் என்பதற்கு ஃபேஸ்புக்கை உதாரணம் காட்டாத ஆளில்லை. மார்க் சக்கர்பெர்க்குக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு, நீலம்தான் நன்றாகத் தெரியும் என்று அவரே 2010-இல் ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். இதை நான் சொன்னதும் வாடிக்கையாளர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும்.

நிறங்களுக்கு ‘இன்ஸ்பிரேஷன்’ எங்கே எடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது வெண்தொண்டை மீன்கொத்தி. தலையும் வயிறும் அடர்ந்த பழுப்பு, முதுகும் இறக்கையும் பளீர் நீலம், தொண்டையும் மார்பும் வெள்ளை, அலகு சிவப்பு. ஐந்து வயதுப் பிள்ளை கையில் இந்த நிறங்களைக் கொடுத்தால் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிடும். பறவையில் ஏன் இடிக்கவில்லை? அளவைப் பாருங்கள். சிவப்பு அலகிலும் காலிலும் மட்டும், வெள்ளை ஒரு திட்டு, மீதியைப் பழுப்பும் நீலமும் பங்கிட்டுக்கொள்கின்றன. நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விகிதத்தை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. (மீன்கொத்தியின் நீலம் நிறமியால் வருவதும் இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறவைப்பதால் வருவது.)

கடைசியாகக் கான்ட்ராஸ்ட். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். வலைப்பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல், சாதாரண எழுத்துக்கு இது குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும் என்கிறது. வெள்ளை மேல் கருப்பு 21-க்கு 1. வெள்ளை மேல் சுத்த மஞ்சள் 1.1-ஐக்கூட எட்டாது. சுத்தப் பச்சை மேல் சுத்தச் சிவப்பு, கண்ணுக்கு அடிதடி மாதிரி இருக்கும், ஆனால் எண் 3-ஐத் தொடாது. சாயல் எவ்வளவு விலகியிருந்தாலும் வெளிச்சம் நெருங்கிவிட்டால் படிக்க முடியாது. சோதிக்கச் சுலபமான வழி, படத்தைக் கருப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கூட்டத்தில். இரண்டு கோடுகள் உள்ள வரைபடம், வரவு பச்சை, செலவு சிவப்பு, இரண்டும் ஒரே அளவு அடர்த்தி. பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று எனக்கே பெருமை. கூட்டம் முடிந்ததும் மூத்தவர் ஒருவர் தனியாக வந்து, “தம்பி, இதில் வரவு எந்தக் கோடு?” என்று மெதுவாகக் கேட்டார். நான் விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் உண்டு, மற்ற மக்களிடையே இது கொஞ்சம் குறைவு, ஆனால் எங்கும் இருக்கிறது. கூம்புச் செல்களில் ஒரு வகை இல்லை, அல்லது அதன் ஓட்டு பக்கத்து வகையோடு ஒட்டிப்போய்விடுகிறது. அவர் பல வருடங்களாக இப்படி யாரிடமாவது கேட்டுத்தான் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று ராத்திரியே அந்த வரைபடத்தை மறுபடி எடுத்தேன். நிறங்களை அப்படியே விட்டுவிட்டு, செலவுக் கோட்டை மட்டும் நன்றாகக் கருக்கவைத்து, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ‘வரவு’, ‘செலவு’ என்று எழுதிவைத்தேன்.